பதினோரு வீடுகள்

பெரியவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது அவன் கூடத்துத் தரையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றும் அதே தரைதான், அதே மின்விசிறிதான். ஆனால் இன்று மாலை நான்கு மணிக்கு அவனுக்கு விசாரணை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றின் இரண்டு கரைக்கும் ஆள் ஏற்றி இறக்குகிற படகு நிறுவனத்தில் பெரியவன் என்ஜின் டிரைவர். "ஆயில் பிரஷர் ஏறவே மாட்டேங்குது, இதை எடுத்துக்கிட்டு நடு ஆத்துக்கு நான் போக மாட்டேன்" என்று பயணிகள் முன்னாலேயே டைம்கீப்பரிடம் கத்திவிட்டான். டைம்கீப்பர் காகிதத்தை எடுத்து, "டியூட்டி பார்க்க மறுத்தார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு ஆள் தூக்க முடியாத மூட்டையை ஒரு வரி தூக்கிவிடும். பெரியவனையும் தூக்கிக்கொண்டு வந்து இந்தத் தரையில் போட்டுவிட்டது.

அதே நிறுவனத்தின் அலுவலகத்தில்தான் அவன் தங்கை சின்னவளும் இருக்கிறாள். படகு நேரம், அறிவிப்பு என்று நிறுவனத்தின் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டியதை ஏற்றுவது அவள் வேலை. தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

காலை ஆறே முக்காலுக்குச் சின்னவள் கண் விழித்தபோது ஒரு பக்கத்துக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. முந்தின நாள் மத்தியானம் லீவு போட்டுக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, மாத்திரையைப் போட்டுப் படுத்தவள்தான். போனை எடுத்துப் பார்த்தால் பதினேழு முறை அடித்து ஓய்ந்திருந்தது. எல்லாம் அலுவலகம்.

பதினெட்டாவது முறை கையிலேயே அடித்தது.

"தூங்குறியாம்மா? தூங்கு, நல்லாத் தூங்கு. இங்க துறையே பத்தி எரியுது." மேலாளரின் குரல். "முதல் படகு ஓடாதுன்னு தளத்துல போட்டது யாரு?"

"எந்தப் படகு சார்?"

"முதல் படகு! அஞ்சரை! போட் பாட்டுக்குப் போயிட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரி நர்ஸுங்க, சந்தைக்காரங்க எல்லாரும் போன்ல அதைப் பாத்துட்டு வீட்டோட இருந்துட்டாங்க. நைட் டியூட்டி நர்ஸுங்க மாத்திவிட ஆள் வராம இன்னும் ஆஸ்பத்திரியிலேயே நிக்கிறாங்களாம். ஆஸ்பத்திரிலேருந்து எனக்குப் போன் மேல போன்."

"நான் போடலை சார். நான் பல்லு..."

"உன் பல்லு எனக்கு எதுக்கு? யாருன்னு பாத்துச் சொல்லு."

சின்னவள் தளத்தைத் திறந்தாள். அறிவிப்பு அப்படியே இருந்தது. 'என்ஜின் பழுது பார்க்க வேண்டியிருப்பதால் நாளை காலை முதல் படகு ஓடாது.' ஏற்றிய நேரம், நேற்று மதியம் இரண்டு நாற்பத்தைந்து. ஏற்றிய இடம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

வீடு.

அந்தச் சொல்லை அவள் மூன்று முறை படித்தாள். அது அவள் வைத்த பெயர்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்லிவிட வேண்டும். கிடங்கு வாசலில் ஒரு காவலாளி நிற்பான், பார்த்திருப்பீர்கள். தெரிந்த லாரி வந்தால் கேள்வி கேட்காமல் சங்கிலியை இறக்கிவிடுவான். தெரியாத லாரி என்றால் ஓரமாக நிறுத்தி, உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வருவான். அந்தத் தளத்திலும் அப்படி ஒரு காவல் உண்டு. நிறுவனத்தில் எல்லா ஊழியருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். டிக்கெட் கவுண்டர் சுவரில் பென்சிலால் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதனால் யார் எழுதினார்கள் என்று தளத்துக்குத் தெரியாது. எந்த இடத்து இணைப்பிலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் உண்டு, அதுதான் முகவரி. நம்பகமான வெளி முகவரிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள இடத்திலிருந்து வந்தால் அறிவிப்பு நேரே ஏறிவிடும். இல்லாவிட்டால் ஒப்புதலுக்குக் காத்து நிற்கும்.

போன மழைக்காலத்தில் படகு நின்றுபோன நாட்களில் சின்னவளால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. "எதையாவது பண்ணி வீட்டுலேருந்தே ஏத்தும்மா" என்றார் மேலாளர். அவள் தன் வீட்டு முகவரியைப் பட்டியலில் சேர்த்தாள். பெயர் என்ன என்று தளம் கேட்டது. 'வீடு' என்று அடித்தாள்.

நேற்று இரண்டே முக்காலுக்கு அவள் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

அவள் கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணே."

பெரியவன் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து மத்தியானம் என் லேப்டாப்பைத் தொட்டியா?"

"அதை நான் எதுக்குத் தொடணும்? கடிச்சு வெச்சிருச்சுன்னா?"

"விளையாடாத. தளத்துல ஒரு அறிவிப்பு போயிருக்கு. என்ஜின் பழுது, முதல் படகு ஓடாதுன்னு. நம்ம வீட்டுலேருந்து போயிருக்கு."

"நல்ல விஷயம்தானே? யாரோ ஒருத்தருக்காவது புத்தி வந்திருக்கு."

"அண்ணே, இன்னிக்கு உனக்கு விசாரணை."

"தெரியும்."

"நீதானா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். இந்த ஒன்பது நாளில் அவன் இத்தனை வேகமாக எழுந்தது இதுதான் முதல் தடவை. தங்கையின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். வீங்கிய பக்கம், வீங்காத பக்கம் இரண்டையும் பார்த்தான்.

"ஆமா," என்றான். "நான்தான். போ, போய்ச் சொல்லு. நாலு மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

தலை வாரிக்கொண்டிருந்த அம்மா சீப்போடு வந்தாள். "என்னடா ஆமாங்கிற? எதுக்குடா ஆமா?"

"அவ கேட்டா. நான் சொன்னேன்."

"அவ கேட்டா சொல்லிடுறதா? ஏண்டி, என்னடி கேட்ட அவனை?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு ஒருத்தன் ஆமான்னு சொல்லுவானா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழப்பாதீங்க. எனக்கு நேரமாச்சு."

அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். நாள் பூராவும் சூட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறவளுக்கு மின்சாரத்தின் மேல் ஒரு பயம். மாடி வீட்டில் ஒரு தடவை பிளக் எரிந்து திரைச்சீலை பற்றிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவள். வெளியே கிளம்பினால் வீட்டில் உள்ள சுவிட்சுகளை ஒன்று விடாமல் அணைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். இன்றும் டிவி, மிக்ஸி, வைஃபை பெட்டி என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள்.

"உனக்கு ஃபேனை மட்டும் விட்டிருக்கேன்," என்று மகனிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

ஏழரைப் படகில் சின்னவளுக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. தளத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

"என்னம்மா, இந்தப் படகு நெஜமாவே ஓடுதா, இல்ல சும்மா ஓடுற மாதிரி நமக்குத் தோணுதா?" என்றார் மீன்கூடைக்காரர் ஒருவர்.

"எறங்கினப்புறம் போன்ல பாருங்க, எறங்கலைன்னு போட்டிருப்பாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு எழுந்தது. அவளுக்குச் சிரிக்க வாய் வரவில்லை. பல் பிடுங்கிய குழி விண்விண் என்று தெறித்தது. பெரியவன் கணினி முன்னால் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. போனில்கூட அழைப்பு எடுப்பான், வைப்பான், அவ்வளவுதான். ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டானே? ஒருவன் தன் வாயாலேயே ஆமாம் என்று சொன்ன பிறகு என்ன செய்ய?

மேலாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய படகு அட்டவணைகள் மஞ்சளாகிக் கிடந்தன. அவர் அவற்றின் மேல் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்கேருந்து போயிருக்கு?"

"வீடுன்னு காட்டுது சார்."

"யார் வீடு?"

அவள் கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். உப்பிய கன்னம் நல்ல சாக்காக இருந்தது. ஆனால் மேலாளர் விடவில்லை.

"யார் வீடும்மா?"

"எங்க வீடு சார்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. பத்து வருடமாகத் துறையில் இருந்து ஒரே ஒரு நல்ல பேர் வாங்கிவிடவேண்டும் என்று அலைகிறவர்.

"என்ஜின் பழுதுன்னு கத்தினதும் உங்க அண்ணன். என்ஜின் பழுதுன்னு போட்டிருக்கிறதும் உங்க வீட்டுலேருந்து. இதுக்கு மேல நான் என்ன விசாரிக்கிறது? கத்தினதுக்கு மட்டும்னா எச்சரிக்கை குடுத்து விட்டிருப்பேன். இதுக்கு ஆள் வீட்டுக்குத்தான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "அந்தப் பதிவை நீயே பிரிண்ட் எடுத்துக் கொண்டு வந்துரும்மா. நாலு மணிக்கு வேணும்."

அண்ணன் கழுத்துக்குக் கயிறு. அதைத் திரிக்கிறவள் தங்கை.

பதினொரு மணி வரைக்கும் அவள் அந்தப் பிரிண்டை எடுக்கவில்லை. வேறு வேலைகளைச் செய்தாள். அறிவிப்பை நீக்கினாள். மன்னிப்புக் கேட்டு இன்னொன்று ஏற்றினாள். கடைசியில் வேறு வழியில்லாமல் பதிவைத் திறந்து, 'வீடு' என்ற சொல்லைத் தட்டினாள். அதற்குப் பின்னால் உள்ள எண்ணும் காகிதத்தில் வர வேண்டுமே.

எண் வந்தது. நான்கு கூறாக, நடுவில் புள்ளி வைத்து. கடைசிக் கூறு நாற்பத்திரண்டு.

அவள் பட்டியலுக்குப் போனாள். அங்கே 'வீடு' ஒன்று மட்டும் இல்லை. பதினொன்று இருந்தன.

அது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மழைக்காலத்தில் முதல் எண்ணைச் சேர்த்தாள். நான்கு நாள் கழித்து வீட்டிலிருந்து ஏற்றப் பார்த்தால் தளம் அவளை அடையாளம் தெரியாத ஆளாக ஓரத்தில் நிறுத்தியது. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் போல என்று நினைத்து அன்றைக்கு இருந்த எண்ணைச் சேர்த்தாள். இரண்டு நாளில் மறுபடி அதே கதை. ஒரு வீட்டுக்கு இப்படி நாலைந்து எண் கொடுத்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். ஒவ்வொரு தடவையும் சேர்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே பெயர். பழையதை அழிக்கவே இல்லை. எல்லாம் நம் வீடுதானே?

நாற்பத்திரண்டு நான்காவது வரியில் இருந்தது. சேர்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அவள் போனை எடுத்தாள். ஏழு தடவை அடித்த பிறகு பெரியவன் எடுத்தான்.

"சொல்லியாச்சா?"

"அண்ணே, எந்திரிச்சு வைஃபை பெட்டியைப் போடு."

"எதுக்கு? இன்னொரு அறிவிப்பு போடணுமா?"

"அண்ணே, தயவுசெஞ்சு."

முனகிக்கொண்டு எழுந்தான். சுவிட்சு தட்டும் சத்தம் கேட்டது. போனில் எங்கே போய் எதைத் தட்ட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அதற்குள் அவனுக்கு இரண்டு தடவை கோபம் வந்து, ஒரு தடவை போன் துண்டிக்கப்பட்டது.

"கடைசி நம்பர் என்ன?"

"நூத்திப் பதினேழு."

"சரியாப் பாரு. நாற்பத்திரண்டு இல்லையா?"

"எனக்கு நம்பர் தெரியாதா? மீட்டர் பாக்கிறவன்டி நான்."

அவள் பட்டியலைப் பார்த்தாள். பதினொன்றில் நூற்றிப் பதினேழு இல்லவே இல்லை.

"அதை அணைச்சுட்டு மறுபடி போடு."

"ஒன்பது நாளா சும்மா இருக்கான்னு வேலை வெக்கிறியா?"

"போடுண்ணே."

கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவன் குரலில் ஏதோ மாறியிருந்தது. "ஏய், இப்ப இருநூத்தி மூணு காட்டுது. இது என்ன, லாட்டரியா?"

"அம்மா தினமும் அணைச்சுட்டுப் போறாங்கல்ல?"

"ஆமா. நான் இருக்கும்போதே அணைக்கிறாங்க. நான் மனுஷனே இல்லைன்னு நெனைப்பு."

சின்னவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, காலையில ஏன் ஆமான்னு சொன்ன?"

அந்தப் பக்கம் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ கேட்டேல்ல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இணைப்பு கொடுக்கிற நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்க பிரச்னையைச் சொல்லுங்க மேடம்."

"எங்க வீட்டு நம்பர் மாறிக்கிட்டே இருக்கு."

"கதவு நம்பரா மேடம்?"

"கதவு நம்பர் மாறினா உங்களுக்கு எதுக்குங்க போன் பண்றேன்? இணைப்போட நம்பர். ஐபி."

"அது மாறத்தான் செய்யும் மேடம். பெட்டியை அணைச்சா நம்பர் எங்ககிட்டத் திரும்பி வந்துரும். மறுபடி போட்டா, அந்த நேரத்துக்குக் கையில எது இருக்கோ அதைக் குடுப்போம்."

"அப்ப பழைய நம்பர்?"

"உங்க பக்கத்துல வேற யாராவது பெட்டியைப் போட்டா அவங்களுக்குப் போகும்."

"நேத்து ரெண்டே முக்காலுக்கு அது யார்கிட்ட இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"அதைச் சொல்லக் கூடாது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணும். ஆனா உங்களால முடியாது."

சுமை தூக்குகிற இடத்தில் காலையில் வாசலில் எண் போட்ட வில்லை ஒன்று தருவார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கு உங்கள் கழுத்தில் தொங்கிய நாற்பத்திரண்டு நாளைக்கு வேறு ஒருவன் கழுத்தில் தொங்கும். சின்னவள் பதினோரு வில்லையின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பதினொன்றும் ஒரே ஆள்தான் என்று நம்பியிருக்கிறாள். அது மட்டுமா? அந்தப் பதினொன்றில் எது வந்தாலும் சங்கிலியை இறக்கிவிடு என்று காவலாளியிடம் சொல்லியும் வைத்திருக்கிறாள்.

நேற்றும் அம்மா பெட்டியை அணைத்துவிட்டுத்தான் போயிருப்பாள், வீட்டிலிருந்து எதுவும் போயிருக்க முடியாது. அண்ணன் செய்யவில்லை. அதுவரைக்கும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் குழப்பம். அண்ணன் இல்லையென்றால் யார்? எவரோ ஒரு அந்நியர், அவருக்கு நிறுவனத்தின் கடவுச்சொல் எப்படித் தெரியும்? என்ஜின் பழுது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் புரிந்தது. அண்ணனை விடுவிக்க வேண்டுமென்றால், முன்பின் தெரியாத வீடுகளுக்கெல்லாம் ஐந்தாறு மாதமாக வாசலைத் திறந்து போட்டது நான்தான் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக இருந்தவள் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அழைத்தாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"அம்மா, நீ சுவிட்சை அணைச்சதுனாலதான் எல்லாம்..."

"என்னது? நான் அணைச்சதுனாலயா? படகு நின்னுச்சா?"

"படகு நிக்கலைம்மா. படகு நின்னதா எழுதினாங்கல்ல, அது..."

"நான் வீட்டு சுவிட்சைத்தானேடி அணைச்சேன்? படகோட சுவிட்சு நம்ம வீட்டுலயா இருக்கு?"

"இல்லம்மா, நான் அப்புறம் சொல்றேன்."

"இரு, இரு, வெச்சிராத..."

வைத்துவிட்டாள். தனக்கே முழுதாக விளங்காததை இயந்திர இரைச்சலில் எப்படி விளக்க?

நான்கு மணி. மேலாளர் அறையில் நான்கு நாற்காலி. ஒன்றில் மேலாளர். ஒன்றில் டைம்கீப்பர், சாட்சிக்காக வந்திருந்தார். முப்பது வருடமாகத் துறையில் நிற்கிறவர். சட்டைப் பையில் இரண்டு கடிகாரம், ஒன்று நின்றால் இன்னொன்று. பெரியவன் உட்காரவில்லை. சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சின்னவள் உள்ளே வந்தபோது அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

"பிரிண்ட் எங்கம்மா?"

அவள் இரண்டு காகிதத்தை வைத்தாள். "ஒண்ணு நீங்க கேட்டது சார். இன்னொண்ணு நான் பண்ணின தப்பு."

சொல்ல ஆரம்பித்தாள். எண் மாறுவதைச் சொன்னாள். வில்லையைச் சொன்னாள். பதினோரு வீட்டைச் சொன்னாள். கன்னம் வீங்கியிருந்ததால் பாதி வார்த்தை பல் குழிக்குள்ளேயே போய்விட்டது. மேலாளரின் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று.

"இரு. வீடு உங்க வீடு. ஆனா உங்க வீட்டுலேருந்து வரலை?"

"ஆமா சார். அது எங்க வீடா இருந்த நம்பர். இப்ப வேற யாரோட வீடோ."

"அப்ப உங்க வீடு எது?"

"இப்ப இருநூத்தி மூணு சார். அம்மா வெளிய போனா அதுவும் இல்லை."

மேலாளர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். "ஐயோ."

அப்போதுதான் கதவு திறந்தது. அம்மா. இஸ்திரிக் கூடத்துச் சீருடையிலேயே, வியர்வை காயாமல் நின்றாள்.

"சார், என் புள்ளையை ஒண்ணும் பண்ணாதீங்க. நான்தான் அணைச்சேன்."

"எதைம்மா அணைச்சீங்க?"

"எல்லாத்தையும் சார். டிவி, மிக்ஸி, எல்லாத்தையும். படகுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

பெரியவன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "அம்மா, நீ ஏன் இங்க வந்த?"

"நீ காலையில ஆமான்னியேடா! நீ ஆமான்னா நான் வராம இருப்பேனா?"

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம். ஒரே ஒரு அறிவிப்பு. அண்ணன் காலையில ஆமான்னிருக்கான். தங்கச்சி இப்ப என் தப்புங்கிறா. அம்மா நான்தான் அணைச்சேங்கிறாங்க. உங்க வீட்டுல பூனை எதுவும் இருக்கா? இருந்தா அதையும் கூட்டிட்டு வந்துருங்க."

யாரும் சிரிக்கவில்லை. டைம்கீப்பர் தொண்டையைச் செருமினார்.

"அம்மாடி," என்றார் சின்னவளைப் பார்த்து. "வெளியிலேருந்து ஒண்ணு அனுப்பினா, அது ஒப்புதலுக்குத்தானே நிக்கும்? நேரே ஏறாதுல்ல?"

"ஏறாதுங்க. ஓரமா நிக்கும். நான் பாத்து விட்டாத்தான் ஏறும்."

"எப்பவுமா?"

"அந்த எண் என் பட்டியல்ல இல்லாத வரைக்கும்."

அவர் பையிலிருந்த கடிகாரம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். நேரம் பார்ப்பதற்காக இல்லை. எங்கேயாவது பார்க்க வேண்டியிருந்தது.

"நேத்து எனக்கு ஓய்வு நாள். வீட்டுல இருந்தேன். என் வீடு உங்க தெருவுக்குப் பின்தெருதான்," என்றார். "மதியம் சாப்பிட்டுட்டு ஒண்ணு எழுதி அனுப்பினேன். ஒப்புதலுக்குத்தான் அனுப்பினேன். காலையில ஏறியிருந்ததைப் பாத்ததும், சார்தான் பாத்துட்டு ஏத்தியிருக்காருன்னு நெனைச்சேன். அப்புறம் சாரே யார் போட்டதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. நான் அனுப்பினது வேற, இது வேறன்னு நெனைச்சு வாயை மூடிக்கிட்டேன்."

"என்ன எழுதி அனுப்பினீங்க?" மேலாளரின் குரல் இறங்கியிருந்தது.

"என்ஜின் பழுது பாக்கணும், முதல் படகை நிறுத்தலாம்னு."

டைம்கீப்பர் பெரியவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"முந்தாநாள் ராத்திரி கடைசிப் படகுல நான்தான் போனேன். நடு ஆத்துல பிரஷர் முள் கீழ விழுந்துச்சு. ரெண்டு தடவை. இவன் சொன்னது மாதிரியே. அவ்வளவு பேர் முன்னாடி என்னைக் கத்தினான்னு எழுதிக் குடுத்துட்டேன். எழுதினதை எப்படித் திருப்பி வாங்குறது? சரி, படகையாவது நிறுத்துவோம்னு பாத்தேன்."

நீங்களும் நானும் அந்த நேரத்தில் பெரியவன் என்ன சொல்வான் என்று எதிர்பார்ப்போம்? 'நான் சொன்னேனே, பார்' என்று நிமிர்வான் என்று நினைப்போம். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. "முள் எவ்வளவுக்கு எறங்குச்சு?" என்று மட்டும் கேட்டான்.

"பாதிக்குக் கீழ."

"அப்ப அதை இன்னிக்கு எடுக்கக் கூடாது. ரெண்டாவது போட்டை எடுங்க."

மேலாளர் வெகு நேரம் இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் முதல் காகிதத்தைக் கிழித்தார்.

"நீ போய் ரெண்டாவது போட்டை எடு," என்றார் பெரியவனிடம். "நிறுத்திவெச்சதை எடுத்தாச்சு. நாளைக்கு எழுத்துல தரேன். நீங்க," என்று டைம்கீப்பரிடம் திரும்பினார், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார். "நீங்க வீட்டுக்குப் போங்க. அம்மா, நீங்களும் போங்க. எதை வேணும்னாலும் அணைங்க."

சின்னவள் நின்றாள்.

"உனக்கு நாளைக்குப் பத்து மணிக்கு. அது வரைக்கும் தளத்தைத் தொடாத. அதுக்கு முன்னாடி அந்தப் பதினோரு வீட்டையும் என் கண்ணு முன்னாடி இடிச்சுட்டுப் போ."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் தளம் நிச்சயமாகவா என்று கேட்டது. பதினோரு தடவை ஆமாம் என்றாள்.

அவள் துறைக்கு வந்தபோது ஐந்தேகால் படகு கிளம்பத் தயாராக இருந்தது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. என்ஜின் அறையின் சின்ன ஜன்னலில் பெரியவனின் முதுகு தெரிந்தது. ஒன்பது நாள் கழித்து அந்த முதுகு நிமிர்ந்திருந்தது. என்ஜின் சீராக ஓடியது. அம்மா ஏற்கெனவே ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோ ஒரு பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே விளங்கியிருக்குமா என்று தெரியவில்லை.

"அண்ணே!" என்று சின்னவள் கரையிலிருந்து கூப்பிட்டாள்.

முதுகு திரும்பவில்லை. என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டும் இருக்கலாம்.

டிக்கெட் கிழிக்கிறவர் பலகைக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"இருங்கண்ணே, நானும் வரேன்."

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். என்ஜின் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, உங்கண்ணன் உன்னை அடுத்த படகுல வரச் சொல்றாரும்மா. இதுல இடமில்லையாம்."

அவள் அவருடைய தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். படகில் பாதிக்கு மேல் இருக்கை காலியாகக் கிடந்தது.